தனசீலனின் பதினோரு நோட்டுகள்

தனசீலன் முதல்முறை வந்தது சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது. சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார் என்பது ஞாபகம், அப்படியென்றால் ஞாயிறு. ஆனால் ஞாயிறு எங்கள் வாசகசாலைக்கு விடுமுறை. இதுபோல வேறு சிலவற்றிலும் நான் தவறியிருக்கலாம். நோட்டுகளைப் பற்றிச் சொல்வதில் மட்டும் தவறு இருக்காது.

நீங்கள் அதற்காகத்தானே வந்திருக்கிறீர்கள். ரெனால்ட் தன் போனில் எடுத்து வைத்திருந்த இரண்டு பக்கங்களின் படத்தைப் பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று கேட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து இந்த மாட்டுங்கா வாசகசாலைக்கு வந்துவிட்டீர்கள். உட்காருங்கள். ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும்.

ரெனால்டின் அப்பா தனசீலன், தாராவியில் அபுதாஹிர் பாயின் தோல்பைப் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இருபத்தாறு வருடமாக, யாரும் கேட்காமலே, ஒரு காரியம் செய்துவந்தார். படித்தவர்களையும் மூளைக்காரர்களையும் தாராவித் தமிழர்கள் என்னவெல்லாம் சொல்கிறார்கள் என்று காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிவைத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சொன்னவர் பெயர், ஊர், சந்து, தேதி.

‘பேனாக்காரன்: மனு எழுதித் தருகிறவன். மரியாதை. சொன்னது வெயிலுமுத்து, நாங்குநேரிப் பக்கம்.’ ‘டோக்காக்காரி: கணக்கில் கெட்டி. மராட்டியில் டோக்கா என்றால் தலை. சொன்னது சுலைகா, மகள் மெஹக்கைப் பற்றி, பெருமையாக.’ ‘படிச்ச மூதி: படித்தும் விவரமில்லாதவன். சிரித்துக்கொண்டே சொன்னால் பாசம்.’

இப்படிப் பதினோரு நோட்டுகள். அவரே தைத்த தோல்பையில் வைத்துக் கொண்டுவந்தார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது வருடமாகப் படிக்கிறேன். தமிழ்ச் சங்க விழாக்களில் பொன்னாடை போர்த்தும்போது வாசிக்கும் வாழ்த்துமடல்களை எழுதுவது நான்தான். யார் ‘பேரறிஞர்’, யார் வெறும் ‘ஆர்வலர்’ என்பது என் மேசையில் முடிவாகும். அறிவாளியைக் குறிக்கும் சொற்களைப் பற்றி ஒரு நூல் எழுதப்போவதாக முப்பது வருடமாகச் சொல்லிவந்தேன். இரண்டாவது நோட்டை முடிப்பதற்குள் அந்த நூல் இதுதான் என்று தெரிந்துவிட்டது. நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

ஏழாவது நோட்டில் இது இருந்தது. ‘ஷோகேசு: நிறையப் படித்து, ஒன்றும் செய்யாதவர். கண்ணாடிக்குள் அடுக்கிவைத்த மாதிரி. சொன்னது லூசியம்மாள், வாசகசாலை சாரைப் பற்றி.’ லூசியம்மாள் தனசீலனின் மனைவி. வாசகசாலை சார் நான்தான். அப்போது வாரம் மூன்று நாள் இங்கே பெருக்கித் துடைக்க வருவார். அப்படி ஒரு பக்கம் இருப்பதை மறந்துபோய்த்தான் தனசீலன் நோட்டை என்னிடம் கொடுத்திருக்க வேண்டும். நான் கோபப்படவில்லை. மீதி நாலு நோட்டையும் நிதானமாகப் படித்தேன்.

“எப்பிடி சார் இருக்கு? சும்மா கிறுக்குனதுதான்” என்றார் அடுத்த வாரம்.

நோட்டுகளை ஒழுங்காக அடுக்கினேன். என் வார்த்தைக்கு இங்கே மதிப்பு உண்டு. பிறகு, “நீங்க ஒரு அறிஞர், தனசீலன்” என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“ஆனா இதெல்லாம் தெருப்பேச்சு. யார் சொன்னா, எந்தச் சந்துன்னு எழுதினா சிரிப்பா. அதை எடுத்துடுங்கோ. உலகத்துல அறிவைக் குறிக்கிற அத்தனை சொல்லும் தமிழ்லேர்ந்துதான் போச்சுன்னு நிரூபிக்கணும். உங்களாலதான் ஆகும்.”

அது யாராலும் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

அவர் நோட்டுகளை எடுத்துப்போய் எல்லாவற்றையும் புதிதாக எழுத ஆரம்பித்தார், பெயர்கள் இல்லாமல், சந்துகள் இல்லாமல். அந்த வருட விழாவில் அவருக்கு வாழ்த்துமடல் எழுதினேன். ‘சொல்லாய்வு ஞாயிறு’ என்று பட்டம். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். மறுவாரம் பட்டறை வேலையை விட்டுவிட்டார்.

“காலைல எந்திச்சதும் அந்தச் சட்டத்துக்கு முன்னால போய் நிக்காவ சார்” என்றார் லூசியம்மாள், துடைப்பத்தைக் கீழே வைக்காமலே. “ஞாயிறு உதிச்சாச்சி, உலை வைக்க அரிசிதான் இல்லன்னு சொன்னேன்.”

அபுதாஹிர் பாய் ஒருநாள் நேரிலேயே வந்தார். “இருவத்தாறு வருசத்துல ஒரு துண்டுத் தோல வீணாக்குனதில்ல சார். இப்ப கத்தியத் தொட்டா ஆராய்ச்சி கெட்டுப்போவுமாம். பாகல், பைத்தியம் மாதிரி பேசுறான். நீங்க ஒரு வார்த்த சொன்னா திரும்பி வந்துருவான்.” நான் அவருக்குச் சாயா வரவழைத்தேன். சாயாவைக் குடித்துவிட்டு, சலாம் சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த வருடம் கருத்தரங்கு வைத்தேன். தலைமை நான், கட்டுரை வாசிப்பவர் தனசீலன். சென்னையிலிருந்து சாருலதா என்ற மொழியியல் பேராசிரியரை வரவழைத்தேன். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். மென்மையாகத்தான் கேட்டார். “இந்தச் சொல்லெல்லாம் யார் சொல்லிக் கேட்டீங்க ஐயா? எங்க, எப்போ? ஆதாரம் இருக்கா?”

அத்தனை பெயரும் தனசீலனின் நாக்கு நுனியில் இருந்திருக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் சொல்லியிருந்தேன் இல்லையா. மேடையில் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சார், நீங்கதான…” என்றார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க நேரம் எடுத்துக்கொண்டேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், “மேதாவி டோய்” என்றான். அரங்கம் முழுக்கச் சிரித்தது.

இரண்டு நாள் கழித்து, பதினோரு நோட்டும் இருந்த பழைய தோல்பையோடு வந்தார். “வீட்ல கெடந்தா கண்ணுல படுது. நீங்களே தூக்கிப் போட்ருங்க சார்.” வாசல்வரை போய்த் திரும்பினார். “ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா.”

நாளுக்கு ஒரு நோட்டு. முதலில் ஒருமுறை முழுதாகப் படிப்பேன். பிறகு குளியலறை வாளியில் ஊறப்போடுவேன். சாதாரண மைதான், சீக்கிரம் கரைந்துவிடும். காகிதத்தைக் கையால் பிசைந்து கூழாக்கிக் குப்பையில் போட்டேன். பதினோரு நாள் ஆயிற்று. அவ்வளவு கவனமாக அவற்றை வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

தனசீலன் இப்போது பாண்டுப்பில் ரெனால்டோடு இருக்கிறார். பேனாவைத் தொடுவதில்லை, பேங்கில் கைநாட்டு வைக்கிறாராம். லூசியம்மாள் திலக் நகரில் இரண்டு வீடுகளில் சமைக்கிறார். அபுதாஹிர் பாய் பட்டறையைக் கொடுத்துவிட்டு சீத்தா கேம்ப்புக்குப் போய்விட்டார். வெயிலுமுத்துவும் சுலைகாவும் இறந்துவிட்டார்கள். திரும்பக் கேட்டு எழுதவும் வழியில்லை. மூல நோட்டுகள் உண்டா என்று கேட்டு சாருலதா ஒரு கடிதம் போட்டிருந்தார். அப்படி எதுவும் இருந்ததில்லை என்று பதில் எழுதினேன். அடுத்த மாதம் சங்கத்தில் எனக்குப் பாராட்டுவிழா. மடலை நானே எழுதிக்கொடுத்துவிட்டேன்.

ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து வைத்திருக்கிறேன், நீங்கள் எடுத்துப் போகலாம். ஏழாவது நோட்டில் இருந்தது. ‘ஷோகேசு’ என்பதையும் அதன் விளக்கத்தையும் அடித்துவிட்டு ‘அறிஞர்’ என்று எழுதியிருக்கிறேன். ‘சொன்னது லூசியம்மாள், வாசகசாலை சாரைப் பற்றி’ என்பதை அப்படியே விட்டிருக்கிறேன். ஆதாரம் முக்கியம் இல்லையா.