டெரன்ஸ் திமகிபாவுக்கு நாம் கொடுத்த வரவேற்பு

மேடையில் உள்ள இரண்டு மின்விசிறிகளும் தம் திசையே திரும்பியிருக்க, வியர்வை என்றால் என்னவென்றே அறியாமல் நடுநாயகமாக வீற்றிருக்கும் விழாத் தலைவர் மேயர் அவர்களே. தேர்தல் நெருங்கும்போது மட்டும் எங்கள் தெருவின் பெயர் நினைவுக்கு வரும் நகர்மன்ற உறுப்பினர் பெருமக்களே. இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று மனத்துக்குள் செபித்துக்கொண்டிருக்கும் பங்குத் தந்தை அவர்களே. தள்ளாத வயதிலும் தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையைப் பிடித்த பெரியோர்களே. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தோமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே. இந்த ஆடுகளத்தில் பல வருடங்களாக ஒலிபெருக்கி பிடித்துத் தொண்டை கிழிந்த கொன்சோலசியோன் ஆகிய நான், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் கூடைப்பந்து வீரன் டெரன்ஸ் திமகிபா ஓய்வு பெறுகிறான். அவன் பெயரை இந்த ஆடுகளத்துக்குச் சூட்டுகிறோம். அதோ, பந்து வளையத்துக்குப் பின்னால் புதுப் பலகை. அதில் பெரிதாகத் தெரிவது மேயர் அவர்களின் திருமுகம். அதன் கீழே மேயர் அவர்களின் திருநாமம். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டவர்கள் எழுந்து நின்று பார்த்தால், டெரன்ஸின் பெயர். எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது. இதற்கே நாம் நன்றி சொல்ல வேண்டும்.

நம் வீரன் என்றேன். 'நம்' என்ற அந்தச் சின்னச் சொல் இருக்கிறதே, அது இந்த ஊர் வாய்க்கு எவ்வளவு தாமதமாக வந்தது தெரியுமா?

டெரன்ஸின் தந்தை ருஃபினோ இதே தெருவில் பிறந்தவர். அமெரிக்கக் கப்பற்படையில் சமையற்காரராகச் சேர்ந்து, கலிபோர்னியாவில் குடியேறி, அங்கே ஒரு கறுப்பின நங்கையை மணந்தவர். பிள்ளை நெட்டையாக வளர்ந்தான். அங்கே உள்ள பெரிய அணிகள் அவனைப் பார்த்து, நல்லது தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டன. அப்பா பிறந்த மண்ணில் ஆடலாம் என்று மணிலாவுக்கு விமானம் ஏறினான். தலைநகரின் பெரிய அணி ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது.

நம் ஊர் எப்படி வரவேற்றது? மாலையா போட்டோம்? ஆரத்தியா எடுத்தோம்? அபுந்தியோ அண்ணன் ஆள் ஏற்றும் தன் ஜீப்னி வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் அவனைப் பார்த்தார். பார்த்துத் தீர்ப்பும் சொன்னார்.

"இவனா ருஃபினோ மகன்? ருஃபினோ என் தோள் உயரந்தானேய்யா. இவன் தென்னமரம் மாதிரி நிக்கிறான். நிறத்தையும் பாரு. எவனோ போலி."

சிரிக்காதீர்கள். அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தீர்கள். அபுந்தியோ அண்ணே, நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். நீங்கள் உரக்கச் சொன்னீர்கள்; மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள்.

அவன் பந்தைக் கூடையில் போட்டால், அமெரிக்காவில் கற்றது, அதனால் போடுகிறான் என்றோம். தவறவிட்டால், அமெரிக்காவில் தேறாதது, அதனால்தான் இங்கே வந்தது என்றோம். உள்ளூர்ப் போட்டியில் அந்நியன் என்று ஏசினோம். நாட்டு அணிக்கு உயரமான ஆள் தேவைப்பட்டபோது, ஒரே இரவில் அவன் நம் ரத்தமானான். அணி தோற்ற மறுநாள் ரத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். இப்படிப்பட்ட மருத்துவ அதிசயம் எந்த நாட்டில் நடக்கும்?

பிறகு அவனுடைய முழங்கால் மூட்டு பழுதானது. திமகிபா என்றால் எவராலும் தகர்க்க முடியாதவன் என்று பொருள். பெயர் வைத்த முன்னோர்கள் முழங்காலை மறந்துவிட்டார்கள். குதித்தவன் தரையில் இறங்கும்போது தசைநார் அறுந்தது. அணியின் முதலாளி மருத்துவமனைக்கு ஓடோடி வந்தார். பூங்கொத்தோடு வந்தார். புகைப்படக்காரரோடு வந்தார். "நீ எங்க குடும்பத்துல ஒருத்தன்" என்று கண் கலங்கினார். குடும்பத்திலிருந்து அவனை நீக்கிய செய்தியை மறுவாரம் தொலைக்காட்சிதான் அவனுக்குச் சொன்னது.

ஊருக்குத் திரும்புவான், அமெரிக்காவுக்குப் போய்விடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவனும் ஊருக்குத்தான் வந்தான். இந்த ஊருக்கு. ஊன்றுகோலோடு பேருந்திலிருந்து இறங்கி, அப்பாவின் தங்கை மேலிங் அத்தையின் லோமி என்கிற நூடுல்ஸ் சூப்புக் கடை வாசலில் நின்றான். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. அவனுக்கு நம் பேச்சு தெரியாது. அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தார். மேலே பார்க்கத்தான் நேரம் ஆனது.

"ருஃபினோவோட காது" என்றார். "உள்ள வாடா."

இரண்டு வாரம் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தான். ஆட்டம் முடிந்தது, வாழ்க்கையும் முடிந்தது என்ற எண்ணம். தாய்மார்களே, உங்களில் யாராக இருந்தாலும் உட்கார்ந்து அழுதிருப்பீர்கள். மேலிங் அத்தை ஒரு கூடை வெங்காயத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

"படுத்தே கெடந்தா காலு சரியாயிருமா? அழணும்னா இத உரிச்சுக்கிட்டே அழு. எனக்கும் வேலை ஆகும்."

உரித்தான். காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு உரித்தான். லோமி குடிக்க வந்த ஜீப்னி ஓட்டுநர்கள் பேசப் பேச, நம் பேச்சையும் பழகினான். பாடசாலைப் பேச்சா பழகினான்? பாதிரியார் முன்னிலையில் விவரிக்க முடியாத பேச்சு. 'ஆலா ஏ' என்று இழுக்காமல் ஒரு வாக்கியம் முடியாது. மணிலாக்காரர்கள் கேலி செய்கிற, அதே நம் பதங்காஸ் மாகாணத்து இழுவை.

கால் தேறியது. ஊர்த் திருவிழா வந்தது. பக்கத்து ஊரோடு நம் ஊர் மோதும் ஆட்டம். அவனை இறக்கினோம். எதிரணித் தலைவர் பாய்ந்து வந்து தடுத்தார்.

"வெளிநாட்டு ஆள இறக்கக் கூடாது. ஊர்க்காரங்க மட்டுந்தான் ஆடணும்."

அப்போது எழுந்ததே நம் கூட்டம். என்ன ஆவேசம், என்ன ஆர்ப்பரிப்பு. "யாருடா வெளிநாட்டு ஆளு? அவன் எங்க புள்ள" என்று முதலில் முழங்கியது யார்? அபுந்தியோ அண்ணன். பக்கத்து ஊர்க்காரன் நம் சொத்தைத் தொட்டால்தான் அது நம் சொத்து என்பதே நமக்கு நினைவு வருகிறது.

"அப்ப நம்ம பேச்சுல ஒரு வார்த்தை பேசச் சொல்லு பாப்போம்" என்றார் அந்தத் தலைவர்.

டெரன்ஸ் குனிந்து, அவர் காதருகே வந்து, நிதானமாகச் சொன்னான்:

"ஆலா ஏ, தலைவரே, சீக்கிரம் ஆட்டத்த ஆரம்பிங்க. மழைக்கு முன்னாடி உங்களத் தோக்கடிச்சுட்டு நான் போகணும். அத்தை துணி காயப் போட்டிருக்காங்க ஏ."

அந்தத் தலைவர் சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டே வழிவிட்டார். நாம் வென்றோம். துணியும் நனையவில்லை.

அன்றைய திருவிழாச் சாப்பாட்டுக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் மத்தி மீன் டப்பா நிறுவனத்து அணியின் பயிற்சியாளர். பட்டியலில் கடைசியில் கிடக்கும் அணி. வேறு யாரும் சேராத அணி. வேறு யாரும் சேர்க்காத ஆளை அது சேர்த்துக்கொண்டது. ஏளனம் செய்தோம். டப்பாவுக்குள் தென்னைமரம் என்றோம். அவனோ கட்டுப் போட்ட காலோடு, முன்போல் குதிக்க முடியாமல், எங்கே நிற்க வேண்டும், எப்போது பந்தைக் கொடுக்க வேண்டும் என்று ஆடப் பழகினான். வருடங்கள் போயின. அந்த டப்பா அணி ஒருநாள் இறுதிப் போட்டிக்கே வந்து சேர்ந்தது. எதிரே யார்? அவனைக் கைவிட்ட அதே பெரிய அணி.

ஒரு ஞாயிறு பிற்பகல். நம் ஊரிலிருந்து அபுந்தியோ அண்ணனின் ஜீப்னி நிறைய ஆட்கள் மணிலாவுக்குப் போனோம். மேலிங் அத்தையும் நானும் முன் இருக்கையில். பின்னால் இருந்தவர்கள் எந்த அணியின் சட்டை அணிந்திருந்தார்கள்? நம் பிள்ளையின் அணியா? டப்பா அணிக்குச் சட்டை கேட்டால் கடைக்காரர் மத்தி மீனை எடுத்துக் கொடுப்பார். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் தொங்குவது பெரிய அணியின் சட்டைதான். கொள்கையில் உறுதி என்றால் இதுவல்லவா உறுதி.

கடைசி விநாடிகள். ஒரு புள்ளியில் பின்தங்கியிருக்கிறது டப்பா அணி. டெரன்ஸைத் தள்ளிவிட்டார்கள், அதற்குத் தண்டமாக அவனுக்கு யாரும் தடுக்காத இரண்டு தனி எறிகள். கோட்டில் போய் நின்றான். அரங்கமே ஒரே குரலில் கத்தியது.

"வீட்டுக்குப் போ. வீட்டுக்குப் போ."

நம் ஜீப்னியில் வந்தவர்களும் கத்தினார்கள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். மேலிங் அத்தை திரும்பிப் பார்த்தார். பார்த்த பிறகும் கத்தினார்கள். டெரன்ஸும் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தான். தெரிந்த முகங்கள். தான் வெங்காயம் உரித்துப் போட்ட லோமியைக் குடித்த முகங்கள். பந்தை இரண்டு முறை தரையில் தட்டினான். முதல் எறி உள்ளே. இரண்டாவது வளையத்தில் மோதி, மேலே எழும்பி, மனம் மாறியது போல் உள்ளே விழுந்தது. வென்றது டப்பா அணி.

வெளியே வந்து ஜீப்னியில் ஏறினோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போது கழுத்தில் பதக்கத்தோடு, தோளில் பையோடு, நொண்டிக்கொண்டே வந்தான் டெரன்ஸ். வெற்றி விருந்து, பத்திரிகை, முதலாளி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தான். ஓட்டுநர் சன்னலில் கை வைத்தான்.

"அண்ணே, என்னையும் ஏத்திக்கோங்க."

அபுந்தியோ அண்ணன் கேட்டார்: "எங்க... எங்கப்பா போகணும்?"

"வீட்டுக்குத்தான் ஏ. இவ்வளவு நேரம் எல்லாரும் அதத்தானே சொன்னீங்க."

கோபமில்லை அந்தக் குரலில். குத்தலும் இல்லை. களைத்துப்போன ஒருவன் வழி கேட்கிற குரல். மேலிங் அத்தை பின்னால் திரும்பி ஒன்றே ஒன்று சொன்னார்:

"தள்ளி உக்காருங்கடா. அவனுக்கு நீளக் காலு."

தள்ளி உட்கார்ந்தார்கள். பெரிய அணியின் சட்டை போட்டவர்கள் மடியில் அவன் தன் காலை நீட்டிக்கொண்டான். வழியெல்லாம் அந்தக் காலை ஆட்டாமல் அசைக்காமல் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பதங்காஸ் எல்லை தாண்டும்போது அவன் உறங்கியிருந்தான்.

சபையோரே, யார் நம்மவன் என்று தீர்ப்பு வழங்கும் நீதிமன்றமாக இத்தனை காலம் வீற்றிருந்தோம். உயரத்தை அளந்தோம், நிறத்தை அளந்தோம், நாக்கை அளந்தோம். தீர்ப்புக்காக அவன் காத்திருக்கவில்லை. ஏறி உட்கார்ந்தான். அவ்வளவுதான் நடந்தது. அவனுக்கு இடம் கொடுத்தோம் என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். நமக்கு அவன் கொடுத்தான், நல்லவர்களாக இருக்க ஒரு மாலை நேரம்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், கத்தாமல் இருந்த இளைஞர்களுக்கும், ஒலிபெருக்கியைப் பிடுங்காத மேயர் அவர்களுக்கும் என் நன்றி உரித்தாகுக. எல்லோர் வீட்டிலும் சோறும் சுகமும் நிறைய வேண்டி வணங்குகிறேன். டெரன்ஸ், மேடைக்கு வா, தம்பி. இனி நீ பேசு.