விலையைப் பத்தி வாய் திறக்காதே

– தூக்கினது நீதானா? அதை மட்டும் சொல்லு.

– நான்தாங்க்கா. உன் கமெண்டையும் தூக்கினேன், உன்னையும் குரூப்லேர்ந்து தூக்கினேன். ஒரே ஒரு வாரத்துக்குத்தான். முதல்ல கம்பி ஒட்டுற அந்தச் சூடான சால்டரிங் அயர்னைக் கீழ வை, பாக்கவே பயமா இருக்கு.

– பயப்படு! பழைய கம்ப்யூட்டர் சேக்கிறவங்களுக்குன்னு அந்தக் குரூப்பை ஆரம்பிச்சவ நான். உன்னை அட்மினாப் போட்டவ நான். என் வீட்டுலேர்ந்து என்னையே வெளிய தள்ளிக் கதவைச் சாத்துறியாடா?

– விதின்னா எல்லாருக்கும்தானே விதி? விக்கிறதுக்குப் போட்ட பதிவுக்குக் கீழ விலையைப் பத்தி யாரும் வாய் திறக்கக் கூடாது. நீ திறந்த.

– திறக்காம? ஒருத்தன் பகல் கொள்ளை அடிப்பான், நான் வாயைப் பொத்திக்கிட்டு வேடிக்கை பாக்கணுமா?

– கொள்ளைன்னு மட்டுமா எழுதின? திருடன், பிராடு, இவன் கையில குடுக்கிற காசைக் குப்பைத் தொட்டியில போடலாம்... மூச்சு விடாம எழுதியிருக்க.

– எழுதினேன். இன்னும் எழுதுவேன். ஏன்னு கேக்க மாட்டியா? அது என் மெஷின்டா!

– அந்த மாடல்ல ஆயிரம் மெஷின் இருக்கும்.

– ஆயிரத்துலயும் என் நகப்பூச்சு இருக்குமா? ஹெச் கீயில எழுத்து தேஞ்சுபோச்சுன்னு நான்தான் சிவப்பு நகப்பூச்சால கோணல்மாணலா எழுதினேன். அந்தப் போட்டோவைப் பெருசாக்கிப் பாரு. பளிச்சுன்னு தெரியுது.

– பாத்தேன்.

– பாத்துட்டுமா தூக்கின? அட கடங்காரா!

– கத்தாதக்கா. மாமா தூங்குறாரு.

– எழுந்திருக்கட்டும். அவரும் கேக்கட்டும் இந்த நியாயத்தை. போன மாசம் அந்த மெஷினை ஒரு வாத்தியாருக்குக் குடுத்தேன், ரெண்டாயிரத்துக்கு. "பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்குக் காட்டணும் மேடம், என் சக்திக்கு அவ்வளவுதான்"னு குரூப் வழியா எழுதினாரு. மனசு கேக்கல. என் அலமாரியில தூங்குறதுக்கு, நாலு புள்ளைங்க தொட்டுப் பாக்கட்டுமேன்னு அனுப்பிட்டேன். இப்ப எவனோ ஒருத்தன் அதையே இருபதாயிரம்னு போட்டிருக்கான். ஒண்ணு, வாத்தியாரை ஏமாத்திப் பிடுங்கியிருக்கான். இல்லன்னா அந்த வாத்தியாரே டுபாக்கூர்.

– இருபதாயிரம் அவ்வளவு அநியாயமா என்ன?

– கேக்குறான் பாரு கேள்வி! உள்ள பேட்டரி கசிஞ்சு, பாதி போர்டை அரிச்சுத் தின்னு, ஒவ்வொரு கம்பியா நான் உக்காந்து ஒட்ட வச்ச மெஷின்டா அது. ஏதோ என் புண்ணியத்துல ஓடுது. அதுக்கு நாலாயிரம் கேட்டாலே மனசாட்சி உறுத்தணும். இருபதாயிரம்னு கூசாம சொல்றவனுக்கு வெக்கம் மானம் ஏதாவது இருக்குமா?

– இருக்காதுங்கிற?

– துளி இருக்காது. எங்க வேணா வந்து சொல்றேன்.

– சரி. விலையைப் பத்திப் பேசக் கூடாதுன்னு விதி போட்டது யாருக்கா?

– அது வேற விஷயம்.

– நீதான் போட்ட. உன் பழைய மானிட்டரை விக்கப் போட்டப்ப, ஒரு பெரியவர் வந்து "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேம்மா"ன்னாரு. ஒரே ஒரு வரி. உனக்குப் பொறுக்கல. உடனே விதி எழுதின, அவரைத் தூக்குடான்னு என்னை ஏவின. பாவம் அந்த மனுஷன், அப்புறம் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கல. அன்னிக்கு எங்க போச்சு இந்தப் பேச்சுரிமை எல்லாம்?

– அவரு தெரியாம பேசினாரு. நான் தெரிஞ்சு பேசுறேன்.

– பேசுற எல்லாருக்கும் அப்படித்தான் நினைப்பு.

– பேச்சை மாத்தாத. விக்கிறவன் நம்பர் அட்மின்கிட்ட இருக்கும்ல? குடு. நேர்ல போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேக்குறேன். அது சும்மா ஒரு டப்பா இல்லடா. அதுலதான் நான்... சரி விடு, உன்கிட்டப் போய்ச் சொல்லிக்கிட்டு.

– சொல்லேன்.

– அதுலதான் நான் முதல் முதல்ல ப்ரோக்ராம் எழுதினேன். நீ பக்கத்துல ஸ்டூல்ல ஏறி நின்னுக்கிட்டு, ஹெச் வந்தா நான்தான் அமுக்குவேன்னு அடம் பிடிப்ப. அந்த எழுத்து தேஞ்சதே உன் விரல் பட்டுத்தான்.

– இவ்வளவு ஞாபகம் இருக்குல்ல? அப்ப நான் கேட்டப்ப ஏன் எனக்குக் குடுக்கல?

– உனக்கா? வேற பவர் சப்ளையைச் சொருகி ஒரு மெஷினையே புகைய விட்ட மகராசன் ஆச்சே நீ!

– பதினஞ்சு வயசுலக்கா! இப்ப மீசையே நரைச்சிடுச்சு!

– மீசை நரைச்சா கை நிதானம் வந்துடுமா? சும்மா நச்சரிச்ச, வாய்க்கு வந்ததைச் சொல்லித் துரத்தி விட்டேன். அதையெல்லாம் இப்ப ஏன் கிளறுற?

– கிளறத்தான் செய்வேன். குரூப்ல வர்ற சண்டையைத் தீக்க நான் வேணும். உனக்குப் பார்சல் தூக்க நான் வேணும். மெஷினைத் தொட மட்டும் எனக்குத் தகுதி இல்ல. முகம் தெரியாத ஒருத்தன் "மேடம்"னு ரெண்டு வரி எழுதினா, உருகிப் போய் அள்ளிக் குடுத்துடுவ.

– அந்த மனுஷன் மரியாதையாக் கேட்டாரு, குடுத்தேன்.

– நீயும் மரியாதையாத்தானே பதில் போட்ட! "பத்திரமா வந்து சேந்துதா சார்? ஹெச் கீயை மட்டும் புள்ளைங்களை மெதுவா அமுக்கச் சொல்லுங்க சார், அது எங்க தம்பி ஞாபகம்"னு. என்கிட்ட ஒரு நாளாவது இதைச் சொல்லியிருக்கியா நீ?

– அது... இரு. நான் அவருக்குத் தனியா எழுதினதுடா அது. உனக்கு எப்படித் தெரியும்?

– வாத்தியாரும் நான்தாங்க்கா, விக்கிறவனும் நான்தான். அந்த இருபதாயிரம் மட்டும் நீ சொன்ன விலை, இதே மேஜையில, எனக்குத் தரியான்னு நான் கேட்டப்ப.