மறுபடியும் எறும்பு

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் அரை மணி நேரமாக நின்றிருந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள், காலடியில் காலி மீன்கூடைகள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“எங்க வூட்டு பாத்ரூம்ல மறுபடியும் எறும்பு வருதுக்கா.”

“பெனாயில் ஊத்து. இதுக்கா மூஞ்சிய இப்டி வச்சினுகீற?”

நானும் அதையேதான் நினைத்தேன்.

“எங்க வூட்டுக்காரருக்கு சக்கர வியாதி கீதுன்னு எறும்புதானக்கா காட்டிக் குடுத்துச்சு. அவரு ஒண்ணுக்குப் போன எடத்துல அப்டி மொய்க்கும். அவரு போனதும் நின்னு போச்சு.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அவரு செத்து ஒரு வருசம் ஆவுது. இப்ப நீயும் பொண்ணும் மட்டும்தான?”

“ஆமாக்கா.”

“அப்ப உனக்குதான் இருக்கும். நாப்பது தாண்டிட்ட இல்ல. ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்துப் பாரு. பயப்படாத.”

“எனக்காவே இருக்கட்டும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன். மூணு நாளா நான் எதுத்த வூட்டு பாத்ரூமுக்குதான் போய்கினு கீறேன்.”

“அது இன்னாத்துக்கு?”

“எறும்பு நிக்குதான்னு பாக்கத்தான்.”

லாரிகள் நகர்ந்தன. டிரைவர் கியர் போட்டார்.

“இன்னிக்குக் காலைல பாப்பா ஸ்கூலுக்குப் போனதும் உள்ள போய்ப் பாத்தேன். மொய்ச்சினு கீதுக்கா. ரெண்டு பக்கெட்டு தண்ணி ஊத்தித் தள்ளிவுட்டேன். சாயங்காலம் வந்து அவ பாத்துடக் கூடாதில்ல.”