பூட்டிய கார்டு

கேமராவின் பக்கவாட்டு மூடி திறக்க மறுத்தது. பிளேடை அழுத்தினால் உள்ளே இருக்கும் கார்டில் கீறல் விழும். அழுத்தாவிட்டால் துரு விடாது. என் கட்டைவிரலில் ரத்தம் கசிந்தது. எதிரே இன்ஸ்பெக்டர் அம்மா, அவர் பின்னால் ஒரு கான்ஸ்டபிள், கடை ஸ்டூலில் என் தங்கை. மூன்று பேரும் கேமராவைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவா, டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் டாக்டர் இல்லை, ரைட்டர் ஐயா. மெமரி கார்டு விற்கிறவன். பழுதான கார்டிலிருந்து படங்களை மீட்டுக் கொடுக்கிறவன். அதனால் எங்கள் தெருவில் 'கார்டு டாக்டர்' என்றால்தான் என்னைத் தெரியும். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பேனா தீர்ந்துபோனால் என் சட்டைப் பையில் ஒன்று இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்டில் என் முகம் ஒரு படத்தில்கூடக் கிடையாது.

மெமரி கார்டு தபால் தலை அளவுக்கு இருப்பதால் நோஞ்சான் என்று ஜனங்கள் நினைத்துவிடுகிறார்கள். அது அப்படியில்லை. பேன்ட் பையோடு வாஷிங் மெஷினில் மூன்று தடவை சுற்றி வந்த கார்டு என்னிடம் வந்திருக்கிறது. ஒருவர் வீட்டு நாய் முழுங்கி, இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்த கார்டும் வந்திருக்கிறது. கழுவித் துடைத்துப் போட்டேன். குழந்தையின் முதல் பிறந்தநாள் முழுசாக வந்தது. கூடவே வந்திருந்த நாய்தான் கொஞ்சம் சங்கடப்பட்ட மாதிரி தெரிந்தது. சூடு, குளிர், தண்ணீர், விமான நிலையத்து எக்ஸ்ரே எல்லாவற்றையும் தாங்கும். நல்ல கார்டு மனுஷனைவிட நம்பகமானது. கொடுத்ததை அப்படியே வைத்திருந்து, கேட்டதும் திருப்பிக் கொடுக்கும். பேச்சை மாற்றாது.

பேச்சை மாற்றியவர் என் தங்கையின் கணவர். கல்யாண போட்டோகிராபர். நல்ல மனுஷர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்றை என் கடையில் வாங்கிய கார்டில் எடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிக்கு மேல் படங்களைக் காணோம். தாலி கட்டுகிற நேரம் இல்லை, குடும்பப் படம் இல்லை. பெண்ணின் அப்பா ஸ்டுடியோ வாசலில் நின்று கத்தினார். எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர், உடனே போட்டோகிராபர் சங்கத்தில் போய்ச் சொல்லிவிட்டார், கார்டு டாக்டர் விற்பது போலிக் கார்டு என்று.

இருபத்திரண்டு வருஷக் கடை, ஐயா.

நான் சண்டை போடவில்லை. கேமராவில் சிவப்பு விளக்கு எரியும்போது கார்டை உருவினால் படம் போய்விடும், அவசரத்தில் உருவியிருப்பீர்கள் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "மச்சான், எனக்கு விளக்கு பார்க்கத் தெரியும். உங்களுக்குத்தான் சரக்கு பார்க்கத் தெரியல," என்றார். தங்கை கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக் குட்டையில் அவர் உடல் மிதந்தது. மேலே அவருடைய பைக் நின்றது. கேமராவைக் காணவில்லை. அவமானம் தாங்காமல் குதித்துவிட்டார் என்றார்கள். தங்கை நம்பினாள். அவர் கிளம்பிப் போன அன்று காலையில் அவள்தான், "இந்த மூஞ்சியோட வீட்டுக்கு வராதீங்க," என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னபடியே அவர் வரவில்லை.

அவளை நான்தான் என் வீட்டு மாடி அறைக்குக் கூட்டிவந்தேன். ஆறு வருஷமாக அவள் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. பால் பொங்கி வழிந்தால்கூட, "அய்யோ" என்று மெதுவாகத்தான் சொல்வாள். "நீ சொன்ன வார்த்தையால ஒண்ணும் ஆகலம்மா," என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட. ஆனால் அவள் நம்பவில்லை.

இந்த வருஷம் மழை பொய்த்துக் குட்டை வற்றியது. சேற்றில் கேமராப் பை கிடைத்தது. இன்ஸ்பெக்டர் அதை நேராக என் கடைக்குக் கொண்டுவந்தார். எனக்கு அப்போதே உறுத்தியது. அரசாங்க ஆய்வுக்கூடம் இருக்கிறது, அங்கே படித்த ஆட்கள் இருக்கிறார்கள். செத்தவரின் மச்சானிடம் ஏன் வர வேண்டும்?

"உங்க தங்கச்சிதான் சொன்னாங்க, உங்கள விட்டா ஆளே இல்லன்னு," என்றார். சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

"அவர் குதிச்சாரா, தவறி விழுந்தாரான்னு மட்டும் தெரிஞ்சா போதும்ணா," என்றாள் தங்கை. "வேற ஒண்ணும் வேணாம்."

மூடி ஒருவழியாகத் திறந்தது. இடுக்கியால் கார்டை வெளியே எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். சேறு போனதும் தங்க நிறப் பட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. எனக்கு நெஞ்சு நிறைந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஐயா, அந்த நிமிஷம் எனக்குப் பயமே வரவில்லை.

இன்ஸ்பெக்டர் என் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துக் குனிந்தார். "ஓரத்துல குட்டியா ஒரு பொத்தான் இருக்கே, அது எதுக்கு?"

"பூட்டு மேடம். கீழே தள்ளிட்டா கார்டுல புதுசா படம் ஏறாது. இருக்கறதையும் அழிக்க முடியாது."

"இது கீழேதானே இருக்கு?"

"ஆமா. பூட்டியிருக்கு."

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

"அப்போ கடைசிப் படம் எடுத்ததுக்கு அப்புறம் யாரோ கார்டை வெளியே எடுத்திருக்காங்க. பூட்டியிருக்காங்க. திரும்ப உள்ளே வெச்சு மூடியிருக்காங்க. அப்புறம்தான் கேமரா தண்ணிக்குப் போயிருக்கு. சரிதானே, டாக்டர்?"

"குதிக்கறதுக்கு முன்னாடி அவரே பூட்டியிருக்கலாம்," என்றேன்.

தங்கை ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "அவர் அந்தப் பூட்டைத் தொட்டதே இல்லண்ணா. அப்படி ஒண்ணு இருக்குன்னே அவருக்கு ஞாபகம் இருக்காது. நீதான் எந்தக் கார்டை எடுத்தாலும் பூட்டிட்டுத்தான் கீழே வைப்பே. மத்தவங்க கதவைச் சாத்தற மாதிரி."

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

அப்போது கான்ஸ்டபிள் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். பாவம், அவருக்குச் சாப்பாட்டு நேரம். "எதுக்கு மேடம் நேரத்தை வீணாக்கணும்? ஆறு வருஷம் தண்ணில ஊறினது. எப்பவோ செத்திருக்கும்."

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பட்டைகளில் ஒன்றை நகத்தால் சுரண்டிவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்திருக்கலாம். பூட்டு ஒன்றை மட்டும் வைத்து யாரும் என்னைப் பிடித்துவிட முடியாது. ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் பிறகு கேட்டார். தங்கைக்கு உண்மை தெரியட்டும் என்றுதான், என்றேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

கான்ஸ்டபிளிடம் நான் சொன்னது வேறு. "என் கடைக் கார்டு சாகாது சார்," என்றேன். கம்ப்யூட்டரில் செருகினேன்.

அது திறக்கும் நேரத்தில் குவாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளையை அங்கே கூப்பிட்டது நான்தான். "என் கார்டை உங்க கண்ணு முன்னாடியே சோதிச்சுக் காட்டறேன். தாங்கிடுச்சுன்னா சங்கத்துல வந்து, கார்டு மேல தப்பில்லன்னு சொல்லிடுங்க," என்றேன். சரி என்றார். மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்த மனுஷர், எங்கேயாவது போனால் போதும் என்றிருந்தார். அவர் பைக்கில் வந்தார், நான் ஸ்கூட்டரில். காலை ஒன்பதரை மணி. ஈ காக்கா கிடையாது.

புதுக் கார்டு ஒன்றைப் பிரித்தேன். பிளாஸ்க்கில் கொண்டுபோன வெந்நீரில் போட்டேன். ஸ்கூட்டரை அதன்மேல் ஏற்றினேன். பாறை உச்சியிலிருந்து கீழே போட்டேன். ஒவ்வொரு தடவையும் துடைத்து அவருடைய கேமராவில் செருகி ஒரு படம் எடுப்போம். வேலை செய்தது. அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "மச்சான், இது கார்டா, இல்ல உங்க வீட்டுப் பழைய மிக்ஸியா? என்ன செஞ்சாலும் சாக மாட்டேங்குதே," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று காலை நாங்கள் நல்ல உறவுக்காரர்களாகத்தான் இருந்தோம்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. சின்ன வலைப்பையில் கார்டைப் போட்டு, நைலான் கயிற்றில் கட்டிக் குட்டையில் இறக்கினேன். பத்து நிமிஷம் கழித்து இழுத்தேன். துடைத்து, கேமராவில் போட்டேன்.

"இப்ப ஒத்துக்கறீங்களா மாப்பிள்ளை?"

"இந்தக் கார்டு கில்லாடிதான், ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு நீங்க குடுத்தது போலி மச்சான். அதையும் ஒத்துக்கணும்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே உப்பு குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"சரி, அந்த ஓரமா நில்லுங்க. ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாம்," என்றேன். நின்றார். "கொஞ்சம் பின்னாடி," என்றேன். நகர்ந்தார். "இன்னும் கொஞ்சம்." அவர் மற்றவர்களிடம் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைகள் அவை. அதனால்தானோ என்னவோ, திரும்பிப் பார்க்காமலே போனார். பாறையில் பாசி இருந்தது.

அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழ ஆரம்பித்தன. வெந்நீரின் ஆவி. ஸ்கூட்டர் டயர். மாப்பிள்ளை கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். மாப்பிள்ளை பாறை ஓரத்தில் நிற்கிறார், வாயெல்லாம் சிரிப்பு.

தங்கை திரைக்கு மிக அருகில் வந்துவிட்டாள். "சிரிக்கறாரே," என்றாள். "மேடம், குதிக்க வந்தவர் மூஞ்சியா இது? பாருங்க, சிரிக்கறாரே."

அடுத்த படம் விழுந்தது. அதற்கடுத்தது. தண்ணீர். செங்குத்தான பாறையின் வெடிப்பில் இரண்டு கைகள். கழுத்துவரை தண்ணீரில் இருக்கும் முகம், மேலே நிமிர்ந்து, நேராகப் பார்க்கிறது.

தங்கை திரையில் அந்தக் கைகளை விரலால் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணா, இதை யார் எடுத்தா?"

தண்ணீரில் இருப்பவரின் படங்கள் மட்டும் முப்பத்தேழு. ஒவ்வொன்றிலும் நேரம் பதிந்திருக்கிறது. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே பதினொரு நிமிஷம். இடது ஓரத்தில் நீல நிறமாகத் தெரிவது நைலான் கயிறு. என் காலடியில்தான் கிடந்தது. அதை அவர் கேட்டார். "கார்டு மேல தப்பில்லன்னு சொல்லுங்க," என்றேன். சொன்னார். மூன்று தடவை சொன்னார், சத்தமாகவே சொன்னார். ஆனால் படத்தில் குரல் பதியாது. தவிர, உயிர்ப் பயத்தில் சொல்வதை யார் ஒத்துக்கொள்வார்கள்? அதனால் எடுத்துக்கொண்டே இருந்தேன். கை நடுங்கவில்லை. எல்லாப் படமும் தெளிவாக இருப்பதை நீங்களே பார்க்கலாம்.

எல்லாம் அடங்கிய பிறகு கார்டை வெளியே எடுத்தேன். பூட்டினேன். திரும்ப வைத்து, கேமராவைப் பையில் போட்டு, குட்டையின் ஆழமான இடம் பார்த்து வீசினேன். தண்ணீர் அதை அழிக்காது என்று என்னைவிட யாருக்குத் தெரியும், பிறகு ஏன் கார்டை எடுத்துக்கொண்டு போகவில்லை என்று இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு அது புரியவில்லை. பத்து நிமிஷம் ஒரு சோதனையா, ஐயா? எந்தக் கம்பெனியும் ஆறு வருஷம் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்காது.

தங்கை என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. திரையில் இருந்த அந்தச் சிரித்த படத்தை மட்டும் ஒரு பிரதி போட்டுத் தரச் சொன்னாள், இன்ஸ்பெக்டரிடம். என்னிடம் கேட்கவில்லை. அதன் பிறகு இன்ஸ்பெக்டர் என் மேஜை டிராயரைத் திறந்து, அந்தக் கல்யாணத்தைப் படம் எடுத்த மெமரி கார்டை எடுத்தார். படங்களை மீட்டுப் பார்க்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் அப்போது வாங்கியது, ஆறு வருஷமாக அங்கேதான் இருந்தது.

ஆம், அது போலிதான். வெளியே பெரிய எண் போட்டிருக்கும், உள்ளே எட்டில் ஒரு பங்குகூட இடம் இருக்காது. நிரம்பிய பிறகு எடுப்பதெல்லாம் காற்றோடு போகும். மொத்த வியாபாரி என்னை ஏமாற்றிவிட்டான். நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், குவாரிக்குப் போவதற்கு நான்கு நாள் முன்பே.

ஆனால் தண்ணீரில் கிடந்த கார்டு அசல், ஐயா. நாற்பத்தொரு படம், ஒன்றுகூடக் கெடவில்லை. அதைத் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?