கடைசி வரியில உங்கக்கா பேரு

உங்கக்காவ நான் கடைசியா உயிரோட பாத்தது ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு எங்கையப் புடிச்சு என்ன சொன்னா தெரியுமா மாப்ள? ஜெராக்ஸ் கடையப் பாத்துக்கங்க, வேளாவேளைக்கு சாப்பிடுங்கன்னெல்லாம் சொல்லல. தம்பியோட பயோடேட்டாவுல கை வச்சிராதீங்க, அலைன்மென்ட் கலைஞ்சிரும்னா. அதோட உள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க.

இரு, உக்காரு. உன் அவசரம் புரியுது. காலையில இன்டர்வியூ. அதுக்குள்ள கடைசி வரியில இருக்கற உங்கக்கா பேர எடுத்துட்டு வேற ஆளப் போடணும். செத்தவங்க பேரப் போட்டு மாட்டிக்கிட்டா இந்த வேலையும் போச்சு. சரிதான், எடுத்துரலாம். ஆனா மேலருந்துதான வரணும்?

இங்க ஸ்கிரீனப் பாரு, எழுத்து மாடல, அதான் ஃபான்ட்ட, மட்டுந்தான் மாத்துனேன். ஓரத்துல வரிசையா நின்ன வருஷமெல்லாம் எப்படி சரிஞ்சு விழுது பாத்தியா? நேரா நிக்கறதுக்குன்னே டேப்னு ஒரு பட்டன் வச்சிருக்கான். அக்காவும் தம்பியும் அத மதிக்கவே இல்ல. ஸ்பேஸ் பாரத் தட்டித் தட்டியே தள்ளிருக்கீங்க. நான் வேன் ஓட்டிட்டுக் கெடந்தவன். அவ போனப்புறம் ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பாத்துக் கத்துக்கிட்டேன். எனக்கே தெரியுது.

அடுத்து என்ன... எல்லாரிடமும் ஒத்துப்போகும் குணம். ஏன் மாப்ள, இதப் படிக்கிறப்போ உனக்கே சிரிப்பு வரல? முன்ன வேல பாத்த குடோன்ல சூப்பர்வைசர் சட்டையப் புடிச்சது யாரு? சரி சரி, அவன்தான் ஆரம்பிச்சான். இருக்கட்டும்.

லட்சியம், நிறுவனத்தோடு சேர்ந்து வளர்வது. நீ சேந்த கம்பெனி ஒண்ணொண்ணா இழுத்து மூடியாச்சு. வளந்தது உன் தொப்பை மட்டுந்தான். பொழுதுபோக்கு, புத்தகம் வாசித்தல். எந்தப் புத்தகம்னு கேட்டா என்ன சொல்லுவ? மிக்சி வாங்குறப்போ கூட வந்துச்சே, அதுவா?

அடடா, இதப் பாரு. நம்ம கடையில நிர்வாக உதவியாளர், ரெண்டு வருஷம். ஒரு மழைக்காலம் இங்க வந்து ஜெராக்ஸ் எடுத்த. அதுலயும் பாதி கறுப்பா வந்துச்சு. உங்கக்கா அத ரெண்டு வருஷமா இழுத்துருக்கா. பக்கம் நிறையலன்னா எழுத்தப் பெருசாக்குவோம்ல, அந்த மாதிரி.

ம், கடைசி வரி வந்தாச்சு. விசாரிக்க வேண்டிய நபர். உங்கக்கா பேரு, மேலாளர், போன் நம்பர்.

இத இப்படியே விட்டுரலாம் மாப்ள. மாட்ட மாட்ட. அவ போன் எங்கிட்டதான் இருக்கு, சார்ஜ் போட்டுத்தான் வச்சிருக்கேன். ஆமா, கூப்பிடுறாங்க. நீ எங்கயாச்சும் பேப்பரக் குடுத்துட்டு வந்தா கொஞ்ச நாள்ல அடிக்குது. மேடம் வெளிய போயிருக்காங்க, அவங்க வீட்டுக்காரர் பேசுறேன்னுவேன். பையன் எப்படின்னு கேப்பாங்க. தங்கமான பையன், சொன்ன நேரத்துக்கு வந்து நிப்பான்னு சொல்லுவேன். பொய்தான். உங்கக்கா சொல்லிட்டு இருந்ததத்தான் நானும் சொல்றேன்.

அவ பேருக்குப் பதிலா என் பேரு என்னத்துக்கு? எனக்கு யாராச்சும் பிரிண்டு, ஜெராக்ஸுன்னு போன் அடிச்சுட்டே இருக்காங்க. அந்த நம்பருக்கு இப்போ உன்னப் பத்தி விசாரிக்கறவங்கள விட்டா வேற யாரும் கூப்பிடுறதில்ல.