தொண்ணூற்றைந்தாவது பிளக்-இன்

காரைக்குடி வெயிலில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, ஐயா. இயந்திரம் சூடாகிவிடக் கூடாதென்று முதலாளி ஏ.சி. போட்டு வைப்பார். அதன் தயவில் நாமும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்துகொள்ளலாம். இந்த அறையில் ஃபேன்கூடச் சரியாகச் சுற்றவில்லை. பரவாயில்லை, நான் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பராமரித்துக் கொடுப்பதுதான் முதலாளி அழகுசுந்தரம் செட்டியாரின் வேலை. சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருப்பார்கள். இங்கே கண்டரமாணிக்கம், நேமத்தான்பட்டி என்று ஐம்பத்திரண்டு வீடுகள் எங்கள் பொறுப்பு. வேலையாட்கள் பதினான்கு பேர். எந்த வீட்டில் இன்று பெருக்க வேண்டும், எங்கே ஓடு மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் முன்பு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றெட்டில் அதற்காக நான் ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதினேன். சொந்தக்காரர்கள் சிங்கப்பூரில் உட்கார்ந்தபடி இன்டர்நெட்டில் தங்கள் வீட்டு வேலைகளைப் பார்க்கலாம். இங்கே காலை எட்டு மணிக்குப் பிரிண்டரில் ஒவ்வொரு வேலையாளுக்கும் ஒரு சீட்டு வரும்.

எல்லாவற்றையும் ஒரே நிரலில் திணிக்கவில்லை. நடுவில் ஒரு சட்டகம் மட்டும் கட்டினேன். பிளக்-இன் என்று சின்னச் சின்ன நிரல்களை எழுதி அதில் செருகிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. சிறிய எண் முதலில் ஓடும், பெரிய எண் கடைசியில் ஓடும். ஒன்று பட்டியலில் வேலையைச் சேர்க்கும், இன்னொன்று நீக்கும். எல்லாம் ஓடி முடிந்தபின் மிஞ்சியிருப்பதுதான் சீட்டில் அச்சாகும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்தச் சட்டகத்தைக் கட்ட எனக்குப் பதினோரு மாதம் ஆனது. புத்தகம் வாங்க மதுரைக்குப் போய்ப் போய் வந்தேன். கண்ணாடி பவர் ஏறியது. யாரும் கேட்கவில்லை என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

தொண்ணூற்றொன்பது ஜனவரியில் பெனிட்டா வேலைக்குச் சேர்ந்தாள். சாக்கோட்டைப் பக்கம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வயது இருபத்து மூன்று. நல்ல பெண்தான், அதில் சந்தேகம் வேண்டாம். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பாள். சந்தேகம் கேட்பதற்கு முன் இரண்டு முறை "சார், நேரம் இருக்கா?" என்பாள்.

நேமத்தான்பட்டியில் ஏழு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு ஒன்று இருக்கிறது. ஆளுக்கு இரண்டு அறை சொந்தம், முற்றமும் அதைச் சுற்றியுள்ள வளவுத் தாழ்வாரமும் பொது. அவரவர் அறை வேலை அவரவருக்கு மட்டும் தெரிய வேண்டும், பொது இடத்து வேலை எல்லோருக்கும் தெரிய வேண்டும். இதைச் சட்டகத்துக்குள் கொண்டுவர நான் இரண்டு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு திங்கட்கிழமை விவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். புதன்கிழமை முப்பது வரியில் ஒரு பிளக்-இன் எழுதிக் கொண்டுவந்தாள். அது ஓடியது. நான் குறை கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன், கிடைக்கவில்லை.

முதலாளி அன்று என் மேஜைக்கே வந்தார்.

"என்னப்பா சத்தியமூர்த்தி, ரெண்டு மாசமா நீயும் பாத்துக்கிட்டே இருக்க. அந்தப் புள்ள ரெண்டு நாள்ல முடிச்சிருச்சே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சார் கட்டி வச்சிருக்கதுனாலதான் ஐயா செருக முடிஞ்சுது," என்றாள். எனக்காகப் பரிந்து பேசினாள் பாருங்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எழுதினாள். மழைக்காலத்தில் ஓடு பார்க்கச் சொல்ல ஒன்று, கல்யாணத்துக்கு வீடு திறப்பவர்களுக்கு ஒன்று. சிங்கப்பூரிலிருந்து நீலாயதாட்சி ஆச்சி மெயில் அனுப்பினார்கள், பெனிட்டா பெயரைக் குறிப்பிட்டு. முதலாளி அதை அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். விருந்தாளிகள் வந்தால், "இந்தப் பொண்ணுதான் நம்ம புரோகிராம் எழுதுது," என்று காட்டுவார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். சுவருக்குள் வயர் இழுத்தவனை யார் கேட்கிறார்கள், எரிகிற விளக்கைத்தானே எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்குப் பொறாமை. இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சாப்பிடும்போதும் பொறாமை, பஸ்ஸில் போகும்போதும் பொறாமை. என் மனைவி என்ன யோசனை என்று கேட்டால் வேலை அதிகம் என்பேன்.

ஜூலை மாதம் நேமத்தான்பட்டி வீட்டில் மரம் உளுக்க ஆரம்பித்தது. பின்கட்டு அறைகளில் பழைய மரச்சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள், அதில் வண்டு. மதுரையிலிருந்து ஆட்களை வரவழைத்து விஷவாயு மருந்து வைப்பதென்று முடிவானது. மருந்து வைத்தால் ஆறு நாள் யாரும் உள்ளே போகக் கூடாது. அதற்காகப் பெனிட்டா ஒரு பிளக்-இன் எழுதினாள். மருந்து வைத்த வீட்டின் எல்லா வேலைகளையும் அந்த ஆறு நாளும் பட்டியலிலிருந்து அது நீக்கிவிடும். அதற்குத் தொண்ணூறு என்று எண் கொடுத்தாள்.

கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சார், தொண்ணூறுக்குப் பெறகு எதையும் வச்சிராதீக. அதுதான் கடைசியா ஓடணும்."

என் சட்டகத்தில் எது எங்கே இருக்க வேண்டுமென்று என்னிடமே சொன்னாள். சரிம்மா என்றேன்.

அதே வாரம் முதலாளி பொதுவாக ஒரு குறை சொன்னார். ஒரு நாள் விட்டுப்போன வேலை பிறகு வரவே மாட்டேன் என்கிறது, எங்கேயோ காணாமல் போகிறது என்றார். நியாயமான குறை. நான் யாரிடமும் சொல்லாமல் அதற்கு ஒரு பிளக்-இன் எழுதினேன். மூன்று நாள் தொடர்ந்து செய்யப்படாத வேலையைக் கண்டுபிடித்து, நான்காம் நாள் பட்டியலின் தலையில் கொண்டுவந்து வைக்கும். நாற்பத்திரண்டு வரி. அதற்குத் தொண்ணூற்றைந்து என்று எண் கொடுத்தேன்.

ஆம், ஐயா, தெரியும். அவளுடைய நிரல் நேமத்தான்பட்டி வேலைகளை நீக்கும். அடுத்து என்னுடையது ஓடும், இவை மூன்று நாளாகச் செய்யப்படவில்லையே என்று மீண்டும் சேர்க்கும். திங்கட்கிழமை மருந்து வைத்தால் வியாழக்கிழமை வேலை சீட்டில் வந்துவிடும். மூன்று என்ற எண்ணை நான்தான் வைத்தேன். ஏழு என்று வைத்திருந்தாலும் முதலாளியின் குறை தீர்ந்திருக்கும்.

என் மனதில் இருந்தது இவ்வளவுதான். வேலையாள் நேமத்தான்பட்டி வரை போவான். வாசல் கதவில் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சத்தம் போடுவான். முதலாளி பெனிட்டாவைக் கூப்பிட்டு, உன் நிரல் என்னம்மா ஆனது என்று கேட்பார். அவள் என்னிடம் வந்து நிற்பாள், நான் சரிசெய்து கொடுப்பேன்.

ஆனால் அந்த வீடு எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மதுரை ஆட்கள் முன்பக்கமாகவே வந்து, முன்பக்கமாகவே போய்விட்டார்கள். எச்சரிக்கைத் தாளை முன்வாசலிலும் வளவுப் பக்கத்துக் கதவுகளிலும் ஒட்டினார்கள். பின்தெருவில் இருக்கும் கதவுக்கு உள்பக்கமாகத்தான் டேப் ஒட்டியிருந்தது, வெளியே ஒன்றும் கிடையாது. எங்கள் வேலையாட்கள் யாரும் முன்வாசல் வழியாகப் போக மாட்டார்கள். அவர்களிடம் இருப்பது பின்வாசல் சாவி.

இதுவும் எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். வீட்டுக்கு எத்தனை வாசல், எந்தச் சாவி யாரிடம் என்ற விவரத்தையெல்லாம் சட்டகத்தில் பதிந்தவன் நான்தான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை மருந்து வைத்தார்கள். அந்த வியாழக்கிழமை பெனிட்டா விடுப்பு. அக்காவுக்கு வளைகாப்பு என்றாள். மற்ற நாட்களில் சீட்டுகளைச் சரிபார்த்துக் கொடுப்பவள் அவள். அன்று நான் கொடுத்தேன். நேமத்தான்பட்டிச் சீட்டு சின்னக்கருப்பனுடையது. முதல் வரியிலேயே வந்திருந்தது: பின்கட்டு அறைகளைத் திறந்து பெருக்கவும்.

சின்னக்கருப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பார். சீட்டைப் படித்துவிட்டு அங்கேயே நின்றார்.

"தம்பி, அந்த வீட்டுல மருந்து வச்சிருக்காகன்னு சொன்னாகளே. இன்னைக்குப் போகலாமா?"

எங்கள் அலுவலகத்தில் முதலாளி போட்ட ஒரு விதி உண்டு. சீட்டில் இல்லாத வேலைக்குப் போகக் கூடாது, சீட்டில் இருக்கிற வேலைக்குப் போகாமல் இருக்கக் கூடாது. எல்லோருக்கும் மனப்பாடம். நான் அந்த விதிப்படிதான் பதில் சொன்னேன்.

"சீட்டுல வந்திருந்தா போகலாம்ணே. கம்ப்யூட்டர் பாத்துத்தான் போடுது."

"அப்பச் சரி. அந்தப் புள்ள எழுதுனதுன்னா தப்பா இருக்காது," என்றார் அவர்.

இந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கூப்பிட்டு நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வாய்வரை வந்தது. அவர் சாவியை எடுத்துக்கொண்டு அங்குட்டுத் திரும்பிச் சைக்கிளில் ஏறிப் போனார். நான் உள்ளே போய் ஏ.சி.யைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பின்தெருக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். கதவு பாதி திறந்திருக்க, துடைப்பம் நிலைப்படியில் கிடந்திருக்கிறது. அவர் இரண்டாவது அறை வரை போயிருக்கிறார். உயிர் அங்கேயே போயிருக்கிறது.

மறுநாள் அவருடைய மனைவி புஷ்பவள்ளி அலுவலகத்துக்கு வந்தார். பெனிட்டாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "உன்னையத்தான தாயி நம்புனாரு. உன் சீட்டத்தான சாமி மாதிரி கொண்டு போவாரு." பெனிட்டா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். தொண்ணூறு ஓடியது, நான் சோதித்துப் பார்த்தேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதற்கு முன்பே, காலையில் யாரும் வருவதற்குள், ஒரு சின்ன வேலையை முடித்திருந்தேன். ஒவ்வொரு பிளக்-இன்னின் முதல் வரியிலும் எழுதியவர் பெயர் இருக்கும். தொண்ணூற்றைந்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டேன். நீங்கள் அதைப் பார்த்துத்தான் அவளை விசாரணைக்கு அழைத்தீர்கள். உங்கள் மேல் தவறில்லை.

ஒன்பது நாள் ஆகிறது. அவளுடைய அப்பா தினமும் வந்து ஸ்டேஷன் வாசலில் குடையோடு நிற்கிறார். அதைப் பார்த்து மனம் இளகி வந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையைச் சொல்வதாகத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று நீங்கள் மதுரைக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்து வந்தீர்கள். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு நிரலாகத் திறந்து பார்த்தார். முதலாளியும் நானும் பின்னால் நின்றோம். சட்டகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பங்காளி நிரலைப் பார்த்தார், தொண்ணூறைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். தொண்ணூற்றைந்தைத் திறந்ததும் நிறுத்தினார். மேலும் கீழுமாக இரண்டு முறை படித்தார். "எண்தான் தப்பு. ஆனா இருக்கிறதுலயே அழகா எழுதினது இதுதான். ஒரு வரி கூடுதல் இல்லை," என்றார்.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கெட்டிக்காரப் புள்ள சார். இப்படி ஆகிப்போச்சே," என்றார்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயெல்லாம் அவகிட்ட கத்துக்கிட்டிருக்கணும்ப்பா," என்றார்.

காலையில் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டேன். சின்னக்கருப்பனை அனுப்பியது நான், எண்ணை வைத்தது நான், பெயரை மாற்றியது நான். தண்டனை என்னவோ அதைக் கொடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. அந்தப் பேராசிரியருக்கு நீங்கள் ஒரு கடிதம் போட வேண்டும். அந்த நாற்பத்திரண்டு வரியையும் எழுதியது சத்தியமூர்த்தி என்று அதில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். முதலாளிக்கும் ஒரு நகல் அனுப்பினால் நல்லது.