ஒரு சிப்பி வித்தியாசம்

அன்று காலை இட்லி தின்றேனா, பொங்கலா என்று நினைவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. என் நினைவை அதிகம் நம்பாதீர்கள். எண்களை நம்பலாம், அவை உடனுக்குடன் எழுதப்பட்டவை.

ராயபுரத்தில் நான் வெறும் குமாஸ்தா. எண்ணூர் உப்பங்கழியில் பூநாரைகளை எண்ணுவதுதான் என் சந்தோஷம். முன்பெல்லாம் ஆளுக்கொரு இடத்தில் நின்று தோன்றியதைச் சொல்வார்கள். பறவை கூடுகிறதா குறைகிறதா என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? 1946இல் நான் ஒரு முறை வகுத்தேன். தை அமாவாசை. சேற்றில் இரண்டு மூங்கில் கோல்கள். ஒன்றில் நான், எதிர்க்கோலில் படகுக்காரன் ஜெயவேல்; இருவரும் தனித்தனியே எண்ணுவது ஒரே கூட்டத்தை. இறங்கும் பறவை பத்துக்கு ஒரு சிப்பியைக் கோலில் கட்டிய சட்டியில் போட வேண்டும். ஏறும் நீர் கோலில் இடுப்பளவில் வெட்டிய குறியைத் தொட்டதும் நிறுத்தலாம். அதுவரை அசையக் கூடாது. அசைந்தால் கூட்டம் கலைந்துவிடும்.

"இன்னா சார், இதுங்களுக்கு ரேஷன் கார்டு குடுக்கப் போறியா?" என்பான் ஜெயவேல். எனக்குச் சிரிப்பு தாங்காது.

ஏழாம் ஆண்டு அவன் சிரிக்கவில்லை. "கோல் கீற எடம் உள்ள வாங்குது சார். நாலு முழம் தள்ளி நின்னுக்கறேன்."

நாலு முழம் தள்ளினால் ஆறு ஆண்டு எண்கள் வீண். "நேற்று நானே நின்று பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது" என்றேன். நின்று பார்த்தது உண்மை. கால் தொடைவரை இறங்கியது.

அன்று வானமே இளஞ்சிவப்பாக இறங்கியது ஐயா. அப்படியொரு வரவை நான் கண்டதில்லை. உடம்பெல்லாம் துள்ளியது. எதிரே ஜெயவேல் சேற்றில் இடுப்புவரை புதைந்திருந்தான். "சார், கயிறு போடு சார்" என்று மூன்று முறை கூப்பிட்டான். கயிறு என் பக்கத்துப் படகில்தான் இருந்தது. ஒரு பறவைகூட எழும்பவில்லை. நானும் அசையவில்லை.

குறியைத் தொடும் முன்பே நீர் அவன் தலைக்கு மேல் ஏறிவிட்டது. தொட்டபோது எனக்கு அறுபத்து நாலு சிப்பி. அவன் சட்டியில் அறுபத்து மூன்று. ஏழாண்டில் இவ்வளவு நெருங்கி வந்ததேயில்லை. தண்ணீரிலேயே கைதட்டிக் குதித்தேன். குறி தொடும்வரை எண்ண வேண்டும் என்று அவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அந்த ஒரு சிப்பிக்குக் காரணம் பதிவாக வேண்டும் என்றுதான் நானாக வந்து சொல்கிறேன்.

ஜெயவேலை மறுநாள் நாலு பேர் சேர்ந்து சேற்றிலிருந்து எடுத்தார்கள். அவன் மனைவி பூவம்மா எர்ணாவூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பூநாரைகள் பழவேற்காட்டுக்குப் போய்விட்டன. கோல் அதே இடத்தில் இருக்கிறது. அடுத்த தைக்கு அங்கே நிற்க ஓர் ஆள் வேண்டும்.